பழைய அவுட்போர்டில் செல்ஃப் மந்தமா? கழற்றும் முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

அவுட்போர்டு என்பது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின். சாவியைத் திருப்பினால் அது ஒரே மூச்சில் சுழல வேண்டும். அப்படிச் சுழலாமல் முக்கி முக்கி அரைச் சுற்று வந்து நின்றால், புதிதாகப் பழைய எஞ்சின் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். செல்ஃப் இழுக்கிறது என்று வரும் எஞ்சின்கள் பலவற்றில் கோளாறு மோட்டாருக்குள் இருப்பதே இல்லை. பேட்டரியிலோ, கேபிளிலோ, கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழியான எர்த்திலோ இருக்கும். அளந்து பார்க்காமல் கழற்றினால், நன்றாக இருந்த அறுபது வருஷப் பழைய போல்ட்டை உடைத்ததுதான் மிச்சமாகும்.

உதாரணத்துக்கு, 1960-களில் அமெரிக்காவில் வந்த ஜான்சன், எவின்ரூட் 40 குதிரைத்திறன் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெயரும் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்ற ஒரே கம்பெனியுடையவை. மேல்மூடியும் ஸ்டிக்கரும் வேறு, உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு. அந்தக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலாகிவிட்டது. எவின்ரூட் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த எஞ்சின்களும் 2020-இல் நின்றுபோயின. ஆனாலும் அமெரிக்க, கனடா ஏரிகளில் இந்தப் பழைய எஞ்சின்களை வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இன்னும் நிறைய. 1965-இலேயே பழைய அவுட்போர்டுகளுக்கென்று அங்கே சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். நம் கடற்கரைப் படகுகளில் பெரும்பாலும் கயிறு இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள் என்பதால் செல்ஃப் வைத்த அவுட்போர்டு நம்மில் பலருக்குப் புதிது. பயப்பட ஒன்றுமில்லை. காரிலும் டிராக்டரிலும் இருக்கும் அதே சாமான்தான், நட்டுக்குத்தாக நிற்கிறது, அவ்வளவுதான்.

வேறு கம்பெனி எஞ்சின் என்றாலும் முறை இதேதான். ஒரே ஒரு விதிவிலக்கு: 1950-களின் பிற்பகுதியில் மெர்குரி சில எஞ்சின்களை ரிவர்ஸ் கியரே இல்லாமல் விற்றது. பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, செல்ஃபை எதிர்த்திசையில் சுற்றவிட்டு, எஞ்சினையே எதிர்ச்சுற்றில் ஓட்ட வேண்டும். படகுத்துறையில் போய் மோதியவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது, அந்த எஞ்சினுக்கு வந்த பட்டப்பெயரே 'டாக் பஸ்டர்', அதாவது துறை உடைப்பான். அதன் செல்ஃப் இருதிசையிலும் சுற்றும், வயரிங்கும் வேறு. அதைத் தொடுகிறவர்கள் அதற்கான சர்வீஸ் புத்தகம் இல்லாமல் தொட வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் ஒன்று சொலினாய்டு என்ற மின்காந்த ஸ்விட்ச்சுக்கு வருகிறது, அங்கிருந்து இன்னொன்று மோட்டாருக்குப் போகிறது. சாவியைத் திருப்பும்போது சொலினாய்டுக்குள் ஒரு செப்புத் தகடு இரண்டு பெரிய முனைகளையும் இணைக்கிறது. கரண்ட், மோட்டார் பாடிக்குள் இருக்கும் காந்தச் சுருளான ஃபீல்ட் காயில் வழியாக, கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டு வழியாக, நடுவில் சுற்றும் ஆர்மேச்சருக்குள் போய், மோட்டார் பாடி வழியாக எர்த்துக்குத் திரும்புகிறது. ஆர்மேச்சர் ஷாஃப்டின் மேல்முனையில் சுருள்மரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பற்சக்கரம்தான் பினியன். ஷாஃப்ட் திடீரென்று சுற்றும்போது பினியன் கூடவே சுற்றாமல் மரையில் ஏறி, எஞ்சினின் உச்சியில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கிறது. எஞ்சின் கிளம்பியதும் ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றி அதைக் கீழே தள்ளிவிடுகிறது. இந்த அமைப்புக்குப் பட்டறையில் பெயர் பென்டிக்ஸ்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றச் சுற்ற அதிகக் கரண்டை இழுக்கும். வேகமாகச் சுற்றும்போது மோட்டாரே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, வேகம் குறைந்தால் அந்தக் கடிவாளம் போய்விடும். ஆகவே மந்தமான செல்ஃபைத் தொடர்ந்து அடிப்பது மோட்டாரை வறுப்பதற்குச் சமம். 10 நொடிக்கு மேல் ஒரேயடியாக அடிக்காதீர்கள். அப்புறம் இரண்டு நிமிஷமாவது ஆறவிடுங்கள்.

கை வைக்கும் முன்

கியரை நியூட்ரலில் போடுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் பாடியில் தொடும்படி எர்த் செய்து கட்டுங்கள். தீப்பொறி போக வழியில்லாமல் வயர் அந்தரத்தில் தொங்கினால் இக்னிஷன் காயில் கெடும். பெட்ரோல் டேங்கின் குழாயைப் பிரித்து டேங்கைத் தள்ளி வையுங்கள். மேல்மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். சொலினாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பார்ப்பது பலருக்குப் பழக்கம். பெட்ரோல் ஆவி தங்கும் படகில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இப்போது ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் இல்லாதபோது அது லேசாகச் சுற்ற வேண்டும். தீப்பொறிக்கான கரண்டை உண்டாக்கும் மேக்னெட்டோவின் காந்தத்தால் அங்கங்கே மெல்லிய இழுப்பு தெரியும், அது சரிதான். ஆனால் ஒரே இடத்தில் இறுகினாலோ, கரகரவென்று உரசினாலோ, கை வலிக்கும் அளவுக்குக் கனமாக இருந்தாலோ நோய் செல்ஃபில் இல்லை. வருஷக்கணக்கில் கிடந்த எஞ்சினில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், கீழே கியர்பாக்ஸ் இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்தச் செல்ஃபைப் போட்டாலும் முக்கத்தான் செய்யும்.

மல்டிமீட்டரை எடுங்கள்

விலை குறைந்த டிஜிட்டல் மீட்டரே போதும். உடன் ஓர் ஆள் இருந்தால் நல்லது, அவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பார்க்கலாம்.

முதலில் பேட்டரி. முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளவு பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கிறது. நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு பேட்டரியை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பேட்டரி தெம்பாக நிற்கிறது, ஆனாலும் எஞ்சின் மந்தமாகத்தான் சுற்றுகிறது என்றால் வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே ருசியான பகுதி. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் கட்டையிலேயே வையுங்கள். கிளாம்பில் இல்லை, ஈயக் கட்டையில். கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் கேபிள் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பாதபோது மீட்டர் 12 வோல்ட் காட்டும், சொலினாய்டு திறந்திருப்பதால் அப்படித்தான் காட்டும், பதற வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது வரும் எண் மட்டுமே கணக்கு. அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் வழியைத் துண்டு துண்டாக அளங்கள். பேட்டரிக் கட்டைக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவில் எவ்வளவு, கிளாம்பிலிருந்து சொலினாய்டு வரை எவ்வளவு, சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவில் எவ்வளவு, அங்கிருந்து மோட்டார் வரை எவ்வளவு. சொலினாய்டில் மட்டும் 0.3-க்கு மேல் தொலைந்தால் உள்ளே செப்புத் தகடு தீய்ந்து குழிவிழுந்திருக்கிறது. பழைய வகை சொலினாய்டைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வதைவிட மாற்றிவிடுவது மேல்.

பிறகு எர்த் பக்கம். பேட்டரியின் மைனஸ் கட்டையில் ஒரு முனை, செல்ஃப் மோட்டாரின் பாடியில் சுரண்டிய இடத்தில் இன்னொரு முனை. செல்ஃப் அடிக்கும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். பழைய எஞ்சினை ஆசையாகப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மோட்டார் உட்காரும் முகத்திலும் பிராக்கெட்டிலும் பெயிண்ட் ஏறினால் எர்த் போகும் வழி அடைபட்டுவிடும். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும், செல்ஃப் மட்டும் முனகும். உட்காரும் முகங்களைப் பளபளப்பான உலோகம் தெரியும் வரை சுரண்டுங்கள், வெளியே தெரிகிற இடத்தில் பெயிண்ட் இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு சின்ன எண்களைத் துரத்துவது ஏன் என்று தோன்றலாம். செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடுகிறது என்று வையுங்கள். வழியில் 0.01 ஓம், அதாவது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். மல்டிமீட்டரின் ஓம் அளவில் இந்தத் தடை தெரியவே தெரியாது. அதனால்தான் கரண்ட் ஓடும்போது வோல்டேஜை அளக்கிறோம்.

கேபிளைப் பொறுத்தவரை வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். கேபிள் முனையில் போல்ட் நுழையும் வளையமான கண்ணி பளபளவென்று இருக்கும், ரப்பர் உறையை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்தால் உள்ளே செப்பு இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பேறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். ஈரம் கண்ணி வழியாக நுழைந்து உறைக்குள்ளேயே மேலேறிவிடும். அப்படியானால் கண்ணியை மட்டும் மாற்றிப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு இழைக் கேபிள் படகுக்கு நல்லது. பேட்டரியை முன்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெல்லிய வயரை ஒட்டுப்போட்டு நீட்டியிருக்கும் படகுகளும் உண்டு. நீளம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். குறுகிய தூரத்துக்கே 25 சதுர மி.மீ. கேபிள் போடுவது நல்லது.

எல்லா அளவும் சரி, செல்ஃபின் போல்ட்டில் 10.5 வோல்ட்டுக்கு மேல் வந்து சேர்கிறது, அப்படியும் மந்தம் என்றால் இப்போது கழற்றலாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் அதற்கு முன் கரண்டையும் பாருங்கள். வேகம் குறைவு, கரண்ட் மிக அதிகம் என்றால் ஆர்மேச்சர் எங்கோ உரசுகிறது அல்லது ஷார்ட். வேகமும் குறைவு, கரண்டும் குறைவு என்றால் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது ஆர்மேச்சரில் பிரஷ் தொடும் இடமான கம்யூட்டேட்டர் அழுக்கு. கழற்றும் முன்பே உள்ளே எதைத் தேட வேண்டும் என்று இது சொல்லிவிடும்.

கழற்றுதல்

பேட்டரியின் மைனஸை முதலில் எடுங்கள். எந்தக் கேபிள் எங்கே என்று போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் இரும்பு போல்ட்டுகள் அலுமினியத்தில் இறுகிக் கிடக்கும், சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவையுங்கள். அவசரப்பட்டு நீட்டு ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும். லேசாக இறுக்கி, லேசாகத் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு என்று கொஞ்சிக்கொஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

மோட்டார் வெளியே வந்ததும் துடைத்துவிட்டு, அதன் மேல்மூடி, பாடி, கீழ்மூடி மூன்றின் குறுக்கேயும் ஒரு கோடு கீறிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மூடி எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்பதை இந்தக் கோடு காட்டும். நீளமான இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் மூடிகள் பிரியும். பிரஷ் இருக்கும் கீழ்மூடியை மெதுவாக இழுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் தெறித்து ஓடும். ஷாஃப்டின் இருமுனைகளிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை, எந்த வரிசை என்று எழுதி வையுங்கள். பல வாஷர்கள் மூடியின் கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது.

பாடிக்குள் காயில் இல்லாமல் காந்தம் ஒட்டியிருந்தால் அது பின்னாளைய மாடல். அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், காந்தம் விரிசல் விடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

மூடியைத் திறந்ததும் கறுப்புச் சேறு கிடப்பது சகஜம். பிரஷ் தேய்ந்த கார்பன் தூளும் தண்ணீரும் கலந்து கீழ்மூடியில் தேங்கியது அது. கார்பன் கரண்டைக் கடத்தும் என்பதால் இந்தச் சேறே பிரஷ்ஷுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாலம் போட்டுவிடும். பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி, துணியால் துடையுங்கள். ஆர்மேச்சரையும் ஃபீல்ட் காயிலையும் பெட்ரோலிலோ தின்னரிலோ முக்கக் கூடாது, அறுபது வருஷ வார்னிஷ் கரைந்து போகும்.

கார்பன் பிரஷ்: புதிய நீளத்தில் பாதிக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் தன் கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். ஸ்பிரிங் வெந்து நீலம்பாரித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அதே எண் கொண்ட பிரஷ் கிடைக்காவிட்டால், கொஞ்சம் பெரிய அளவில் செல்ஃபுக்கென்று வரும் பிரஷ்ஷை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். மிக்சி, டிரில்லிங் மிஷின் பிரஷ் ஆகாது. செல்ஃப் பிரஷ்ஷில் செப்பு கலந்திருக்கும், மற்றது இந்தக் கரண்டுக்குத் தாங்காது.

கம்யூட்டேட்டர்: ஆர்மேச்சரின் முனையில் செப்புப் பட்டைகள் சேர்ந்த உருளை. சீரான பழுப்பு நிறம் என்றால் நல்லது. கருகியிருந்தால் 400 நம்பர் உப்புத்தாளை நாடாவாகக் கிழித்துச் சுற்றிப் பிடித்து, ஆர்மேச்சரைத் திருப்பித் திருப்பித் தேய்க்கலாம். எமரி வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவில் பதிந்து கோளாறு கொடுக்கும். பிரஷ் ஓடிய இடம் பள்ளமாகியிருந்தாலோ உருளை வட்டம் தப்பியிருந்தாலோ லேத்தில் கொடுத்து லேசாகக் கடையச் சொல்லுங்கள். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மின்கடத்தாத் தகடான மைக்கா, செப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். சமமாகவோ மேலாகவோ இருந்தால் பிரஷ் துள்ளும். ஹாக்ஸா பிளேடின் ஓரத்தைச் சாணைபிடித்து மெல்லியதாக்கி, சுமார் 0.8 மி.மீ. ஆழத்துக்குக் கீறி எடுங்கள். பொறுமை வேண்டும், பிளேடு வழுக்கினால் செப்பில் கோடு விழும். மைக்காவுக்குப் பதில் பிளாஸ்டிக் வார்ப்பு இருக்கும் பின்னாளைய ஆர்மேச்சரில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

பாடியின் உட்சுவரையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளிநிறச் சொட்டுகள் தெறித்து ஒட்டியிருந்தால், அளவுக்கு மீறிச் சூடேறி கம்யூட்டேட்டரின் ஈயப்பற்று உருகிப் பறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆர்மேச்சர் நேராக ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டியது.

மீட்டர் சோதனை இரண்டு. கம்யூட்டேட்டர் பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. கேபிள் போல்ட்டுக்கும் அதோடு காயில் வழியாகச் சேர்ந்த பிரஷ்ஷுக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அந்தப் பிரஷ்ஷுக்கும் பாடிக்கும் இருக்கக் கூடாது. ஆர்மேச்சருக்குள்ளேயே சுற்றுக்குச் சுற்று ஷார்ட் இருந்தால் மீட்டரில் பிடிபடாது. ரீவைண்டிங் கடையில் க்ரவுலர் என்ற காந்தக் கருவி இருக்கும். ஆர்மேச்சரை அதன்மேல் வைத்து, ஹாக்ஸா பிளேடை மேலே பிடித்துச் சுற்றுவார்கள். ஷார்ட் உள்ள இடத்தில் பிளேடு டர்ரென்று அதிரும்.

புஷ்: பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் பார்க்கிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஷாஃப்டின் மேல்முனையும் கீழ்முனையும் புஷ் என்ற வெண்கல வளையத்துக்குள் சுற்றுகின்றன. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒருபக்கம் சாய்ந்து உள்சுவரின் இரும்பில் உரசும். உரசிய இடம் பாலிஷ் போட்டதுபோல் மின்னும், ஆர்மேச்சரின் தகடுகளிலும் அதே மினுக்கு தெரியும். மேசையில் கையால் சுற்றினால் ஒன்றும் தெரியாது, கரண்ட் போனால்தான் காந்தம் இழுத்து ஒட்டவைக்கும். ஷாஃப்டை மூடியில் செருகி ஆட்டிப் பாருங்கள், கைக்குத் தெரியும்படி ஆடினால் புஷ்ஷை மாற்றுங்கள். ஒருபக்கம் அடைத்த மூடியில் உள்ள பழைய புஷ்ஷை எடுக்க ஒரு தந்திரம்: உள்ளே கிரீஸை நிரப்பி, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைச் செருகி, தட்டுங்கள். கிரீஸ் போக இடமில்லாமல் புஷ்ஷை வெளியே தள்ளிவிடும். புதிய புஷ் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகையானால், போடும் முன் எஞ்சின் ஆயிலில் ஓர் இரவு ஊறவையுங்கள். பெட்ரோலில் கழுவினால் அந்த எண்ணெய் வெளியேறிவிடும்.

பென்டிக்ஸ்: மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் பினியன் ஏறவில்லை. சுருள்மரையில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாக இருக்கும். சுத்தமாகக் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி மறுபடி இதே கதை.

மாட்டுதல்

புது பிரஷ் போட்டிருந்தால், அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு வர வேண்டும். கம்யூட்டேட்டரின் மேல் உப்புத்தாளை, சொரசொரப்பு வெளியே தெரியச் சுற்றி, பிரஷ்ஷை அதன்மேல் அழுத்தி ஆர்மேச்சரைத் திருப்புங்கள். வளைவு பதிந்ததும் தூளை ஊதிவிடுங்கள்.

எல்லா பிரஷ்ஷையும் ஸ்பிரிங்கோடு உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு மூடியைப் போட இரண்டு கை போதாது. சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடு ஒன்றில் ஷாஃப்ட் நுழையும் அளவுக்கு வெட்டு போட்டு, அதனால் பிரஷ்களை அமுக்கிப் பிடித்தபடி மூடியை ஷாஃப்டில் இறக்கி, தகட்டை உருவிவிடலாம். கீறிய கோடுகள் நேராக வந்ததும் போல்ட்டுகளை மாற்றிமாற்றி இறுக்குங்கள். ஷாஃப்ட் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் மயிரிழை அசைவு இருக்க வேண்டும்.

எஞ்சினில் ஏற்றும் முன் வைஸில் இறுக்கி, ஜம்பர் கேபிளில் ஓரிரு நொடி ஓடவிட்டுப் பாருங்கள். மைனஸைப் பாடியில் முதலில் கடித்துவிட்டு, பிளஸைக் கடைசியில் தொடுங்கள். கரண்ட் பட்டதும் மோட்டார் உதறும், பினியன் மேலே பாயும், விரலைத் தள்ளி வையுங்கள். பிரஷ் பக்கம் சிறு பொறி தெரியலாம், நெருப்பு வளையம் சுற்றினால் மறுபடி பிரியுங்கள்.

எஞ்சினில் மாட்டும்போது உட்காரும் முகம், எர்த் போல்ட், கேபிள் கண்ணி எல்லாம் சுத்த உலோகமாக இருக்கட்டும். இறுக்கிய பிறகு வெளியே வாசலின் தடவுங்கள், இறுக்கும் முன் வேண்டாம். பிளக் இல்லாமல் ஒருமுறை அடித்து, ஏற்கெனவே அளந்த இடங்களிலெல்லாம் மறுபடி வோல்டேஜைப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிளக் போட்டு, பெட்ரோல் குழாயை மாட்டி, கீழ்ப்பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கிளப்புங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால், எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழியும். கடைசியாக எடுத்த அளவுகளைத் தேதியோடு ஒரு துண்டு டேப்பில் எழுதி எஞ்சினின் மேல்மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை செல்ஃப் இழுத்தால் எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.